வந்து சேர்ந்தவை

ஒரே வருஷத்தில் வாங்கிப் போட்ட சாமான்கள் எல்லாம் ஒரே வருஷத்தில் பழசாகிப் போகும். வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குள் படிந்த எண்ணம் இது. மொசைக் தரையும் சன்மைக்கா ஒட்டிய அலமாரியும் இருந்தால், அந்த வீட்டை எந்தக் காலத்தில் கட்டினார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், உள்ளே வரிசையாகப் பொம்மைகள், பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள் என்றால் அதற்கடுத்த காலம். வழவழவென்று விட்ரிஃபைடு டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதுங்கிய விளக்கு, சுவர் முழுக்க டிவி யூனிட் என்றால் நேற்று இன்று. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. வாங்கிய நாளில் ஒவ்வொன்றையும் ஆசை ஆசையாகத்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. அந்தத் தேதி பின்னால் போகப் போக, வீடு முழுக்கச் சேர்ந்து பின்னால் போகிறது.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சாணார்பட்டியைச் சுற்றி இப்போது அப்படிப்பட்ட வீடுகள் நிறைய எழும்பிக்கொண்டிருக்கின்றன. மாவும் புளியும் தென்னையும் நிற்கிற செம்மண் பூமி. தெற்கே பார்த்தால் சிறுமலை. தோப்போரத்தில் மனை பிரித்து, அஸ்திவாரம் போட்டு, வருஷம் திரும்புவதற்குள் பால் காய்ச்சிவிடுகிறார்கள். வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கடைசி மாதத்திலேயே முடிவு செய்கிறார்கள். திரைச்சீலை, சோபா, பூஜை அறைக் கதவு, சுவரில் மாட்டும் படம் வரை ஒரே ஓட்டத்தில் வந்து இறங்குகின்றன. பிறகு எல்லோருக்கும் ஒரே கவலை. இது பத்து வருஷம் கழித்தும் நன்றாக இருக்குமா? இப்போது நகரத்துப் பத்திரிகைகளில் அழகு என்று போடும் வீடுகளைப் பார்த்தால், பல காலத்துப் பொருள்கள் கலந்து, எந்தக் காலம் என்று பிடிபடாமல் இருக்கின்றனவே, அப்படி ஒரு வீட்டை எப்படி அமைப்பது?

சாணார்பட்டிக்குள் என் அப்பத்தா வீடு அப்படித்தான் இருக்கிறது. அதை யாரும் அமைக்கவில்லை.

மேலே மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. பிறகு எத்தனையோ சூளைகள் அதே அச்சில் வார்த்தன. ஓட்டைப் புரட்டினால் அடியில் சூளையின் பெயர் இருக்கும். அப்பத்தா வீட்டில் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் உடைந்ததை மாற்றி மாற்றி, இப்போது கூரையில் ஒன்றுக்கு மேற்பட்ட சூளைகளின் பெயர்கள் இருக்கின்றன. வேம்பில் செய்த நிலை. நாதாங்கியில் தொங்குவது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, இரும்பும் பித்தளையுமாகக் கையால் ராவிச் செய்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலர் அதைத் தேடி வாங்கி அலங்காரமாக மாட்டினார்கள். இங்கே அது இன்னும் பூட்டுகிறது. திண்டுக்கல் போய்த் திரும்பும்போது சாவி இடுப்பில் இருக்கிறதா என்று அப்பத்தா தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

உள்ளே போனதும் கண்ணில் படுவது ஓர் இரும்பு பீரோ. பச்சை வண்ணம், நடுவில் ஆளுயரக் கண்ணாடி. அதை யாரும் கடைக்குப் போய் வாங்கவில்லை. சித்தப்பா வளர்த்த காளை கொசவபட்டி ஜல்லிக்கட்டில் பிடிபடாமல் போனதற்குக் கிடைத்த பரிசு. எங்கள் பக்கம் காளைக்கும் மாடுபிடி வீரருக்கும் கட்டில், பீரோ, அண்டா, சைக்கிள் என்று கொடுப்பது வழக்கம். ஆகவே சாணார்பட்டி வட்டாரத்தில் சில வீடுகளின் சாமான்களைத் தேர்ந்தெடுத்தவை காளைகள்தான் என்று சொன்னால் தப்பில்லை. பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்தக் காளையின் படம், லேமினேஷன் செய்து மாட்டியிருக்கிறது. திமிலில் மஞ்சள், கொம்பில் பூ.

எதிர்ச் சுவரில் முருகன். சிவகாசியில் அச்சான காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட படம். கீழே ஜவுளிக்கடைப் பெயர் பாதி தெரிகிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் இப்படித்தான் காலண்டர் வழியாக வீடு வீடாக நுழைந்தன. எங்கள் வீட்டு முருகன் அவர்கள் கையா, அவர்களைப் பார்த்து வரைந்த இன்னொருவர் கையா என்று கண்டுபிடிக்க முடியாது. தேதித்தாள் தீர்ந்த பிறகும் சாமி தீரவில்லை என்பதால் கண்ணாடிக்குள் போய்விட்டது.

அந்தப் படங்கள் மாட்டியிருக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிலைக்கு மேலே, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே, உயரத்தில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் மேல்பக்கம் சுவரை விட்டு விலகி, முன்னால் சாய்ந்து தொங்குகிறது. படத்தைக் கண்மட்டத்தில் மாட்ட வேண்டும் என்று இன்றைய அலங்காரக்காரர்கள் சொல்வார்கள். அப்பத்தா வீட்டிலும் கண்மட்டம் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கண் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அண்ணாந்து பார்க்கிறவருக்கு முகம் நேராகத் தெரியட்டும் என்றுதான் அந்தச் சாய்வு. நாற்காலியும் சோபாவும் வந்த பிறகு கட்டிய வீடுகளில் அந்தச் சாய்வுக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டில் வேலை இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு இன்னும் தரையில்தான்.

மேசையில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. 2011 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்தவை. அதற்கு முன் 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த வண்ணத் தொலைக்காட்சி ஓடி ஓய்ந்துவிட்டது. அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து அம்மன் படமும் குங்குமச் சிமிழும் வைத்திருக்கிறார்கள். இப்படி ஆட்சிகளும் வீட்டுக்குள் வந்து ஆளுக்கொரு மூலை பிடித்திருக்கின்றன. பழம்பொருள் வீடு என்று பத்திரிகையில் படம் போடுகிறவர்கள் இவற்றை எல்லாம் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு அது சம்மதமில்லை. இவற்றை அப்புறப்படுத்தினால் மிஞ்சுவது சாணார்பட்டி வீடாக இருக்காது.

ஆனாலும் இந்த வீட்டின் நிஜமான சேகரம் இருப்பது அடுப்படிக்குப் பக்கத்துப் பரணில். பித்தளை அண்டா, தவலை, குத்துப்போணி, சருவச்சட்டி, தாம்பாளம். ஒன்றை இறக்கி வெளிச்சத்தில் திருப்பினால், விளிம்புக்குக் கீழே எழுத்து தெரியும். கடையில் பாத்திரம் வாங்கியதும் அங்கேயே பெயர் வெட்டித் தருவார்கள். முன்பெல்லாம் சின்ன உளியை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்தைக் கோப்பார்கள். இப்போது கையில் பிடிக்கும் மின்கருவி கிர்ரென்று எழுதிவிடுகிறது. கொடுப்பவர் பெயரின் முதலெழுத்துகள், ஊர், தேதி, கடைசியில் ‘அன்பளிப்பு’. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். சிலதில் ஒற்றெழுத்து விட்டுப் போயிருக்கும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு என்று ஒவ்வொரு பாத்திரமும் ஏதோ ஒரு நாளைச் சுமந்துகொண்டுதான் பரணில் ஏறியது. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. எந்த நெளிசல் எந்த அண்டாவில், அதை யார் கொடுத்தார்கள், பதிலுக்கு நாம் என்ன திரும்பச் செய்தோம், இன்னும் செய்ய வேண்டியது பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும்.

பித்தளையைப் பற்றிப் பேசும்போது அதன் உழைப்பையும் சொல்லியாக வேண்டும். புளிக்குழம்பைப் பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும். அதனால் உள்பக்கம் ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் தெருவில் குழி தோண்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் ஒரே வீச்சில் உள்ளே சுழற்றித் தேய்ப்பார். கறுத்துக் கிடந்த பாத்திரம் கண்ணெதிரே வெள்ளி போலாகும். வெளிப்பக்கத்தைப் பளபளப்பாக்குவது பெண்கள் வேலை. எங்கள் ஊர்ப் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து மணிக்கணக்கில் துலக்க வேண்டும். எவர்சில்வர் வந்தபோது பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அது அவர்கள் முதுகையும் தோளையும் காப்பாற்றியது. பழையதைப் போற்றுகிறேன் என்று கிளம்பி, அதைத் துலக்கிய கைகளை மறப்பது நியாயமில்லை.

பித்தளை எடைக்குப் போனது அப்போதுதான். ஒரு தவலைக்கு இத்தனை எவர்சில்வர் குடம் என்று கணக்கு. எழுத்து வெட்டிய பாத்திரங்களும் அப்படியே தராசில் ஏறின.

இதே நத்தம் சாலையில் கிழக்கே போனால் கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் தாண்டிக் காரைக்குடி வரும். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளிலிருந்து வந்தவை அங்கே விற்கும் பொருள்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் எனாமல் பாத்திரங்களையும் கொண்டுவந்து, கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெரு விட்டுத் தெரு நீளும் வீடுகளில் நிறைத்தார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரும்படி அடிவாங்கியது. வீடுகள் நின்றன. வாரிசுகள் பெருகினார்கள், ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நாடு. பூட்டிக் கிடந்த வீடுகளில் சில பராமரிப்பில்லாமல் சரிந்தன. சிலவற்றைப் பிரித்துத் தூண் தூணாக, கதவு கதவாக விற்றார்கள். செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அதற்குள் போனது போய்விட்டது.

அந்தக் கடைகளில் வாங்குகிறவர்களை நான் தவறாகப் பேச மாட்டேன். அவர்கள் வாங்காவிட்டால் அந்தத் தூண் விறகாகும், அந்தப் பித்தளை உருக்குக்குப் போகும். ஒரு பொருள் பிழைத்துக் கிடப்பதே பெரிய விஷயம். ஆனால் அங்கே ஒருமுறை பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு தூக்குச்சட்டியை வாங்கிய பெண், விளிம்பில் இருந்த எழுத்தைக் காட்டி, "இதை மட்டும் தேய்ச்சு எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். கடைக்காரர், "எடுத்துறலாம்மா, ஆனா அந்த இடம் மட்டும் தனியாத் தெரியும்" என்றார். அந்த எழுத்து யாரோ ஒருவர் தன் மகளுக்கு வெட்டிக் கொடுத்தது. நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப் பரப்பி வைத்த நாளில் அந்தச் சட்டியும் அந்தக் கூடத்தில் இருந்திருக்கலாம். வாங்குகிறவருக்குப் பழமை வேண்டும். அதற்குள் இருந்த ஆள் வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகளும் வீட்டுத் தவலையை எடைக்குப் போட்டுவிட்டு, பெங்களூரில் வீடு வாங்கியதும் வேறொரு வீட்டுத் தவலையை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். தவலைக்குத் தவலை வந்துவிட்டது. கொடுத்த அத்தையும் மாமாவும் திரும்பி வரவில்லை.

ஒருவர் எவ்வளவு ரசனையோடு சேர்த்தாலும் ஓர் எல்லை இருக்கிறது. லண்டனில் சர் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். பேங்க் ஆஃப் இங்கிலாந்துக் கட்டடத்தை விரிவாக்கிக் கட்டியவர். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் இருந்த தன் வீட்டை அவர் சிலை, ஓவியம், உடைந்த தூண்தலை, எகிப்தியக் கல்பெட்டி என்று அங்குலம் விடாமல் நிரப்பினார். ‘சேர்த்த வீடு’ என்று உலகில் யாராவது பேச ஆரம்பித்தால் அந்த வீடு நினைவுக்கு வரும். 1833-இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே நிறைவேற்றி, தனக்குப் பிறகு அந்த வீட்டை இருந்தபடியே காக்க வேண்டும் என்று செய்துகொண்டார். 1837-இல் இறந்தார். இன்றும் அது அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் மகன் ஜார்ஜோடு இருந்த தீராத பகையும் உண்டு. வீடு அவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்தார். அபாரமான சேகரிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே யாரும் தன் செருப்பைக் கழற்றிப் போட்டு, தன் சட்டையை ஆணியில் மாட்ட முடியாது. ஒருவர் தேர்ந்தெடுத்ததைத் தவிர வேறெதுவும் நுழையக் கூடாது என்று கதவைச் சாத்திய வீட்டில் பொருள் மிஞ்சும், குடியிருப்பு மிஞ்சாது.

எங்கள் வீட்டிலும் அந்தக் கதவு சில வருஷங்கள் சாத்தியே கிடந்தது.

அம்மா கல்யாணமாகி வந்தபோது அம்மாச்சி வீட்டுச் சீரில் ஒரு தையல் மெஷின் இருந்தது. கால் மிதி மெஷின். தையல் வகுப்புக்குப் போய்ப் படித்தவர் அம்மா. மற்ற சாமான்களுக்கு வீட்டில் இடம் கிடைத்தது; அண்டா பரணில் ஏறியது, கட்டில் உள்ளறைக்குப் போனது. மெஷினுக்குக் கூடத்தில் இடமில்லை. சன்னலோரத்தில் கடலை மூட்டைகள் அடுக்கியிருக்கும், அதற்கு இந்தப் பக்கம் தாத்தா உட்காரும் பெஞ்சு. இரண்டும் அம்மா பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவை. ஆகவே மெஷின் பின்கட்டில் சாக்குப் போர்த்தி நின்றது. அதன் மேல் முறமும் சுளகும் ஏறின. அம்மா எதுவும் கேட்கவில்லை. புதுப்பெண் வீட்டு அமைப்பைப் பற்றிப் பேசுவதாவது என்ற காலம். வேலை ஓய்ந்த மதியங்களில் பின்கட்டு இருட்டிலேயே உட்கார்ந்து, கிழிந்த பாவாடைகளை மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

தீர்த்து வைத்தது அப்பத்தாதான். தன் ரவிக்கை ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பின்கட்டு வாசலில் நின்று பார்த்தார். அம்மா ஊசியில் நூல் கோக்கக் குனிந்து குனிந்து தடுமாறிக்கொண்டிருந்தார். "இம்புட்டு இருட்டுக்குள்ள எப்படித்தா தைப்ப? ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?" என்றார். அன்று சாயங்காலமே மூட்டைகள் இடம் மாறின. தாத்தாவின் பெஞ்சு திண்ணைக்குப் போனது. தாத்தா முணுமுணுத்தார். அப்பத்தா, "காத்தோட்டமா வெளிய இருங்க, போறவன் வர்றவனப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மெஷின் சன்னலுக்கு வந்தது.

அந்தக் கூடத்துக்கு இன்று வருகிறவர்கள் எல்லோரும் அந்த மூலையைத்தான் ரசிக்கிறார்கள். சன்னல் கம்பிகளின் நிழல் மெஷின் பலகையில் விழுகிறது. கறுப்பு இரும்பில் பொன்னெழுத்து அழிந்தும் அழியாமலும். கால்மிதியில் வலைப் பின்னல். சென்னையிலிருந்து வந்த ஒரு தோழி, "எவ்வளவு அழகா யோசிச்சு வச்சிருக்காங்க" என்றாள். யோசித்தது வெளிச்சத்தைத்தான். தைக்கிற ஒருத்திக்கு வெளிச்சம் வேண்டும் என்று இன்னொருத்தி யோசித்தார். அழகு அதன் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

அப்போதிருந்து எந்த வீட்டுக்குள் போனாலும் நான் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு பொருள் வந்து நிற்கிறது என்றால் அதற்காக இன்னொன்று நகர்ந்திருக்கிறது. மெஷினுக்காக மூட்டை நகர்ந்தது, பெஞ்சு நகர்ந்தது. காளை கொண்டுவந்த பீரோவுக்காக நெல் குதிர் நகர்ந்தது. அந்தக் குதிர், அப்பத்தாவின் மாமியார் தன் கையாலேயே களிமண் குழைத்துச் செய்ததாம். மனம் நோகாமல் நகர்ந்திருக்காது. முருகனுக்குப் பக்கத்தில் தாத்தாவின் படம் ஏற வேண்டிய நாள் வந்தபோது, வேறு இரண்டு படங்கள் தள்ளிப் போயின. இன்னொருவருக்காக நகரச் சம்மதிக்கிற மனசைத்தான் அந்தக் கூடத்தில் நாம் அழகு என்று பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் காலத்திலும் பழசாகாத வீட்டைக் கடையில் வாங்க முடியாமல் போவதும் இதனால்தான். கடையில் பொருள் கிடைக்கும். நகர்ந்து கொடுத்தவர் கிடைக்க மாட்டார்.

இதை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் மனசு லேசாகிறது. நமக்குப் பிடித்ததை மட்டும் வைத்து வீட்டை நிரப்புகிறவர், தன்னையே நாலு சுவரிலும் மாட்டி வைத்துக்கொள்கிறார். முதலில் சந்தோஷமாக இருக்கும், பிறகு அலுக்கும். நம்மை நமக்கே அத்தனை நேரம் பிடிக்காது. பிடிக்காத நிறத்தில் அத்தை கொடுத்த சுவர்க் கடிகாரம், சிங்கப்பூரிலிருந்து மாமா சுமந்துவந்த பூப்போட்ட தட்டு, தம்பி பள்ளிக்கூடத்தில் செய்த கோணல் பேனா ஸ்டாண்டு இவை எல்லாம் நடுவில் நின்று, நீ மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு அந்தக் கடிகாரத்தின் நிறம் நமக்கு ஒரு குறையாகவே தெரிவதில்லை. ஒரு நாள் நாமும் போவோம். நாம் பார்த்துப் பார்த்து வாங்கிய எத்தனையோ பொருள்களில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அது நமக்கு ரொம்பப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பேத்தி ஒருத்தி அதை எடுத்து, இது எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்து, பிறகு இருக்கட்டும் என்று ஓரமாக வைப்பாள். அவள் வீட்டில் நமக்குக் கிடைக்கப் போகிற இடம் அவ்வளவுதான். அது போதும். நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கு நம் வீட்டில் கிடைத்திருப்பதும் அதே அளவுதானே.

புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நேரடியான சங்கதிகளும் உண்டு. தண்ணீர்க் குழாய், கழிவுநீர் ஓட்டம், காற்று, வெளிச்சம், அடுப்படி மேடையின் உயரம் இவற்றில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். கூடத்தை மட்டும் பால் காய்ச்சும் நாளுக்குள் முடிக்காதீர்கள். ஒரு சுவரை அப்படியே விடுங்கள். அங்கே என்ன வரும் என்று இப்போது தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. தரைக்குச் செலவழிக்க மனமிருந்தால் ஆத்தங்குடிக் கல் போடலாம். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். முதல் பளபளப்பைத் தருவது கண்ணாடி. அதற்குப் பிறகு ஆள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும். பூட்டிய வீட்டில் அது மங்கிக் கிடக்கும். ஊரில் பரண் இருந்தால் கடைக்குப் போகும் முன் ஒருமுறை அதில் ஏறிப் பாருங்கள். பெயர் வெட்டிய பாத்திரம் கிடைத்தால், அந்தப் பெயர் யாருடையது என்று வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் இருக்கிறவர்களுக்குச் சரி, ஒற்றை அறையில் இருக்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். சாணார்பட்டியில் தொகுப்பு வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்கும் தோப்புக் கூலிக்கும் போகிறவர்கள். சுவரோடு சேர்த்து வார்த்த சிமெண்டுப் பலகையில் எவர்சில்வர் குடங்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார் அந்த அம்மா. வாரம் தவறாமல் துடைப்பதால் கதவைத் திறந்ததும் வெளிச்சம் அதில்தான் முதலில் விழும். அவர் கல்யாணச் சீரில் வந்தவை சில, சீட்டுக் கட்டி வாங்கியவை மீதி. அந்த வீட்டின் சொத்தும் அலங்காரமும் அதுதான். போன வருஷம் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனபோது, புத்தகம் வைக்க இடமில்லாமல் கட்டிலில் பரப்பிக் கிடந்தது. பலகையின் கடைசியில் இருந்த இரண்டு குடங்களை அந்த அம்மா இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இப்போது குடங்களுக்குப் பக்கத்திலேயே இயற்பியலும் கணக்கும் நிற்கின்றன, செய்தித்தாள் அட்டை போட்டு. வரிசை கெட்டுப்போச்சே என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னதற்கு, "காலேஜ் சேர்ந்தா இன்னும் ரெண்டு எறங்கும் மதினி" என்றார்.